திருச்சிராப்பள்ளி ரயில்பாதைகளும் நமது சரக்கும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத் தீவை ரயிலில் கடக்கும் பிரயாணிக்கு இரண்டு பாலங்களும் சேர்ந்து சில நிமிஷப் பயணமே. ஆயினும் அந்த ஆறுகளின் கரைகளில் விளையும் வாழைத்தாரும் பூவும், தென்கரையில் உறையூர்த் தறிகளில் நெய்யப்படும் சேலைக்கட்டும் அப்பாலங்களின்மீது ரயிலேறிச் செல்வது இக்காலத்தில் மிக அரிது. அவை லாரியில் செல்கின்றன. இவ்வாறு ஏன் நேர்ந்தது, ரயில்வே நிர்வாகம் செய்ய வேண்டியது யாது, நம் சங்கங்கள் செய்யக்கூடியது யாது என்பவற்றை அங்கத்தினர்களின் யோசனைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்சிராப்பள்ளி ரயிலுக்குப் புதிய ஊர் அன்று. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்னும் கம்பெனி நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகப் போட்டுவந்த பாதை 1862-ம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. பின்னர் அது கரூர் வழியாக ஈரோடு வரை நீண்டது. 1874-ல் தோன்றிய தென்னிந்திய ரயில்வேக்குப் பிற்காலத்தில் இந்நகரமே தலைமையிடமாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்த பெரிய தொழிற்சாலையும் 1920-களின் இறுதியில் பொன்மலைக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவரை சென்னைக்குப் போகும் வண்டி தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், கடலூர் என்று சுற்றிச் சென்றது. 1929-ல் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் வழியாகக் குறுக்குப்பாதை திறக்கப்பட்டபின் பிரயாண தூரம் வெகுவாகக் குறைந்தது. இன்றும் நம் ஊரார் அதைக் ‘கார்டு லைன்’ என்றே வழங்குகின்றனர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சென்னையின் சுற்றுப்புறங்கள் தழைத்ததற்கு அந்த வண்டி பெருங்காரணம். அதை ஓடவிட்ட கம்பெனி நம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயே! சென்னைக்கு நகர ரயில் கொடுத்த ஊர் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. 1951 ஏப்ரலில் மூன்று ரயில்வேக்கள் இணைந்து தெற்கு ரயில்வே அமைந்தபோது தலைமையிடமும் சென்னைக்குப் போய்விட்டது. தொழிற்சாலையும் கோட்ட அலுவலகமும் நமக்கு எஞ்சின.

நகர ரயிலுக்கு வேண்டிய நிலையங்கள் இங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜங்ஷனிலிருந்து கரூர்ப் பாதையில் பாலக்கரை, கோட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம். விழுப்புரம் பாதையில் பொன்மலை, டவுன், ஸ்ரீரங்கம், உத்தமர்கோவில், வாளாடி. தஞ்சாவூர்ப் பாதையில் மஞ்சத்திடல், திருவெறும்பூர். ஒரு நகரத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இத்தனை நிலையங்கள் அமைவது பாக்கியமே. (கோட்டை நிலையம் ஒரு பாதையிலும் டவுன் நிலையம் வேறொரு பாதையிலும் இருப்பதை அறியாது வெளியூரார் தவறான நிலையத்தில் இறங்கிவிட்டு ஆட்டோக்காரரிடம் வழி கேட்பது தனிக்கதை.) குறைவுபட்டிருப்பது வண்டிகளே. தொலைதூர எக்ஸ்பிரஸ்கள் பல இந்நிலையங்களைக் கடந்து செல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறு நிலையங்களில் நிற்பதில்லை. நிற்கும் சாதாரண வண்டிகளோ ஒரு நாளைக்குச் சிலவே.

நகரமோ வளர்ந்துகொண்டே போகிறது. 1994-ல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு திருச்சி மாநகராட்சியாயிற்று. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் சுற்றுப்புறம் உட்பட்ட நகர்ப்பகுதி 10 லட்சத்தைத் தாண்டியது. திருவெறும்பூரில் 1960-களில் வந்த பாரத மிகுமின் நிறுவனம் கிழக்குத் திசையை ஒரு தொழில்நகரமாக்கிவிட்டது. தெற்கே மதுரைச் சாலையில் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025-ல் திறக்கப்பட்டது. இவ்வாறு நான்கு திசையிலும் ஊர் விரிந்தும், ஊருக்குள் மக்கள் நடமாட்டம் முழுவதும் சாலையையே நம்பியிருக்கிறது.

இதன் விளைவை 2022-ல் ஸ்ரீரங்கத்தார் நன்கு உணர்ந்தனர். சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவே 1976-ல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தில் அந்த ஆண்டு செப்டம்பரில் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது. முதலில் கார்களும் பேருந்துகளும், பின்னர் இரு சக்கர வாகனங்களுமே நிறுத்தப்பட்டன. 2023 மார்ச்சில்தான் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. அத்தனை மாதங்களும் பள்ளிக்குழந்தைகளும், காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறியும் பூவும் கொண்டுபோவோரும் சென்னைப் புறவழிச்சாலைப் பாலம் வழியாகச் சுற்றினர். அருகிலேயே ரயில் பாலம் இருந்தது. இரட்டைப் பாதை, மின்சாரக் கம்பி எல்லாம் அதில் இருந்தன. டவுன் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பத்து நிமிஷ ஓட்டம். அரை மணிக்கு ஒரு வண்டி இருந்திருப்பின் எத்தனை குடும்பங்களின் அலைச்சல் தீர்ந்திருக்கும்!

‘ஜங்ஷனில் வண்டி திரும்ப வேண்டுமே, எஞ்சினைக் கழற்றி மாட்ட வேண்டுமே’ என்று ஆட்சேபம் கூறுவோர் உண்டு. இது பழைய காலத்து ஆட்சேபம். இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள மெமு வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. லால்குடியில் புறப்படும் வண்டி ஸ்ரீரங்கம், டவுன், பொன்மலை வழியாக ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருந்து அப்படியே திரும்பித் திருவெறும்பூருக்கோ, பாலக்கரை, கோட்டை வழியாகக் குளித்தலைக்கோ செல்லலாம். நாம் கேட்பது புதிய பாதை அன்று. இருக்கும் பாதையில் காலையிலும் மாலையிலும் வேலைநேரத்துக்கு ஒத்த சில வண்டிகள்.

கட்டணமும் கவனிக்கத்தக்கது. கொரோனாக் காலத்தில் நிறுத்தப்பட்ட சாதாரண வண்டிகள் மீண்டும் ஓடியபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓடின. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாயிற்று. கூலிக்குப் போகும் பெண்ணுக்கும், மார்க்கெட்டுக்குக் கூடை கொண்டுபோகும் சிறு குடியானவருக்கும் போகவர 60 ரூபாய் என்றால் அது சிறு தொகை அன்று. 2024 பிப்ரவரி இறுதியில் பழைய 10 ரூபாய்க் கட்டணம் திரும்ப வந்தது நல்ல காரியம். வந்தபின்னும் பழைய பிரயாணிகள் அனைவரும் திரும்பி வந்தாரில்லை. இடையில் பலர் தவணைக்கு இரு சக்கர வாகனம் வாங்கிவிட்டனர். இத்தகைய கடன்களின் மாதத் தவணைகளை நம் சங்கப் புத்தகங்களிலேயே நாம் காண்கிறோம்.

நிற்க. இனிச் சரக்கு விஷயத்துக்கு வருவோம். நம் அங்கத்தினர்களுக்கு நேரடி லாப நஷ்டம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

வயது முதிர்ந்த அங்கத்தினர்களுக்கு ஒரு காலம் நினைவிருக்கும். கோயமுத்தூரிலிருந்து நூல் மூட்டைகள் ஈரோடு, கரூர் வழியாக அகலப்பாதையில் திருச்சி வரை வரும். இங்கிருந்து தஞ்சாவூர், மதுரைத் திசைகளில் மீட்டர் கேஜ் பாதை. ஆகவே மூட்டைகள் ஒரு வாகனிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு வாகனில் ஏற்றப்பட வேண்டும். காலதாமதமும் சேதமும் திருட்டும் அந்த இடமாற்றத்தில் நேர்ந்தவை. ஆனால் அக்காலத்தில் ஒரு வசதி இருந்தது. ஒரு வாகன் சரக்கு இருந்தால் ஒரு வாகன் கிடைக்கும். பத்து மூட்டையே இருந்தாலும் சில்லறைச் சரக்காகப் பதிவு செய்து ரசீது பெறலாம். சிறு நிலையத்திலும் சரக்குக் கொட்டகையும் அதற்கொரு குமாஸ்தாவும் உண்டு.

1990-களின் இறுதியிலும் 2000-த்தின் தொடக்கத்திலும் திருச்சியைச் சுற்றிய பிரதான பாதைகள் அகலப்பாதையாயின. இடமாற்றத் தொல்லை ஒழிந்தது. அதற்கு முன்பே, 1980-களிலிருந்து, ரயில்வே தன் சரக்குக் கொள்கையை மாற்றிக்கொண்டுவிட்டது. தனி வாகன்களை யார்டுதோறும் பிரித்துக் கோர்ப்பதில் நாட்கள் வீணாகின்றன என்றும், ஓரிடத்தில் முழு வண்டியாக ஏற்றி மற்றோரிடத்தில் முழு வண்டியாக இறக்குவதே சிக்கனம் என்றும் முடிவு செய்தது. ரயில்வேயின் கணக்கில் இது நியாயமே. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் பொருத்தமானதே. ஆயினும் பாதை அகன்றபோது வாசல் குறுகிவிட்டது. சிறு சரக்குக்காரர் வெளியே நின்றுவிட்டார்.

இன்றைய நிலையை மூன்று அளவுகளில் அங்கத்தினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் கொள்முதல் செய்யும் நெல் வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போவதைப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். ஒரு சரக்கு ரயிலுக்கு 42 வாகன், ஏறக்குறைய 2,000 டன். இதுவே முழு ரேக். சில சரக்குகளுக்கு 20 வாகன் கொண்ட சிறு ரேக்கும் உண்டு. அதுவும் ஆயிரம் டன்னுக்குக் குறையாது. அடுத்தது பிரயாணி வண்டியுடனோ பார்சல் ரயிலிலோ செல்லும் பார்சல் வாகன். ஒன்றில் 23 டன் ஏறும். மூன்றாவது, எக்ஸ்பிரஸ் வண்டியின் முன்னும் பின்னும் கார்டு பெட்டியோடு சேர்ந்த பார்சல் அறை; அதில் 4 டன்.

ஓர் உற்பத்தியாளர் சங்கம் அறுவடை நாளில் பத்துப் பதினைந்து டன் வாழைத்தார் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 டன் அதற்குக் கனவு. 4 டன் அறையோ பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரர் தமக்கு ஆதாயமான சரக்கையே ஏற்றுவார். ஸ்ரீரங்கம் நிலையத்தில் எக்ஸ்பிரஸ் நிற்பது இரண்டு நிமிஷம் என்றால் நான்கு கூடை ஏறும், நாற்பது ஏறா. ஆகவே எட்டரையும் கோப்பும் அனுப்பும் மல்லிகையும், லால்குடி வாழையும் லாரியையே நாடுகின்றன. நம் சங்கங்களுக்குப் பொருந்தும் அளவு நடுவிலுள்ள 23 டன். இதை நாம் வற்புறுத்திச் சொல்கிறோம், ஏனெனில் இந்த அளவைத் தனிச் சங்கம் எட்ட இயலாவிடினும் இரண்டு மூன்று சங்கங்கள் கூடினால் எட்டிவிடலாம்.

கூடினால் நடக்குமா என்று ஐயுறுவோர் தம் சங்கத்து உரக்கிடங்கைப் பார்த்தால் போதும். யூரியாவும் பொட்டாஷும் நமக்கு எப்படி வருகின்றன? முழு ரேக்காகத் திருச்சி, தஞ்சாவூர் முதலிய சரக்கு நிலையங்களுக்கு வந்து, அங்கிருந்து லாரிகளில் தொடக்க வேளாண்மைச் சங்கங்களுக்குப் பிரிந்து செல்கின்றன. பல நூறு சங்கங்களின் தேவையை டான்ஃபெட் போன்ற இணையம் ஒன்றாகத் திரட்டுவதால் அது சாத்தியமாகிறது. வருகின்ற சரக்கில் நாம் ஏற்கெனவே ரயில்வேயின் பெரிய வாடிக்கைக்காரர். போகின்ற சரக்கில் மட்டும் ஆளுக்கு ஒரு லாரியாகப் பிரிந்து நிற்கிறோம்.

வெளியூர் உதாரணங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் மாவட்டத்து ராவேர், சாவ்தா நிலையங்களிலிருந்து வாழைக்காய் தில்லிக்கு ரயிலில் போவது நெடுநாளைய வழக்கம். அதை ஏற்பாடு செய்பவை அங்குள்ள விவசாயிகளின் சங்கங்களே. 2020 ஆகஸ்டில் தேவ்லாலியிலிருந்து தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் விடப்பட்டு, பின்னர் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் பாதிக் கட்டண மானியம் வந்தபோது அதை முந்திக்கொண்டு பயன்படுத்தியோரும் இவ்வாறு முன்பே திரண்டிருந்தவர்களே. மானியம் நின்றபின் அந்த வண்டிகளின் ஓட்டம் தணிந்தது என்பதையும் சொல்லவேண்டும். மானியத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு மானியம் உள்ளவரை தான்.

ஜப்பானில் வேறொரு வழி கண்டிருக்கின்றனர். வடக்கே ஹொக்கைடோ தீவில் கிடாமி என்ற ஊர் வெங்காயத்துக்குப் பேர்போனது. பருவத்தில் அங்கிருந்து வெங்காயத்துக்கென்றே சரக்கு ரயில் ஓடுகிறது. அனுப்புவோர் விவசாயிகளின் கூட்டுறவு சங்கங்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது பெட்டியின் அளவு. அந்நாட்டு ரயில் சரக்கில் பெரிதும் வழங்குவது 12 அடி நீளமுள்ள, 5 டன் ஏற்றும் சிறு கண்டெய்னர். ஒரு சிறு லாரி அதைக் களத்துமேட்டிலிருந்தே தூக்கிவந்து நிலையத்தில் வைத்துவிடும். நம் பொன்மலைத் தொழிற்சாலை கண்டெய்னர் ஏற்றும் வாகன்களைச் செய்து அனுப்பிய அனுபவம் உள்ளது. அதன் வாசலிலேயே இருக்கும் நமக்கு 5 டன் பெட்டி ஏன் கூடாது என்ற கேள்வியை ரயில்வே அதிகாரிகளிடம் நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

கரூர்ப் பாதையைப் பற்றித் தனியாகச் சில வார்த்தை. காவிரியின் தென்கரையை ஒட்டி ஜீயபுரம், பேட்டவாய்த்தலை, குளித்தலை என்று செல்லும் இப்பாதை முழுவதும் வாழையும் வெற்றிலையும் கரும்புமே. வடகரையில் முசிறிக்கும் தொட்டியத்துக்கும் ரயில் இல்லை. ஆனால் முசிறியிலிருந்து பாலம் கடந்தால் குளித்தலை நிலையம். தொட்டியம் பகுதி நேந்திரன் கேரளத்துக்குப் போகிறது. ஈரோடு, பாலக்காடு வழியாகக் கேரளத்துக்கு நேர்வழி இப்பாதையே. முசிறிக் கோரைப்பாய்க்கும் மணமேட்டு, தாத்தையங்கார்பேட்டைக் கைத்தறிக்கும் அண்மையான நிலையமும் இதில்தான் உள்ளது. இத்தனை அனுகூலங்கள் இருந்தும் திருச்சியிலிருந்து கரூர் வரை ஏறக்குறைய 76 கிலோமீட்டரும், அதற்கப்பால் ஈரோடு வரை 65 கிலோமீட்டரும் மின்மயமானபின்னும் ஒற்றைப் பாதையே. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி வந்து கடக்கும்வரை ஒன்று நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காக்கும் முறை வரும்போது முதலில் நிறுத்தப்படுவது சரக்கு வண்டி, அடுத்தது சாதாரண வண்டி. அழுகும் பொருளை ஏற்றி அனுப்புவோருக்கு இந்தக் காத்திருப்பே நஷ்டம். விழுப்புரம்–திண்டுக்கல் பாதையும் தஞ்சாவூர்ப் பாதையும் இரட்டையாயின. கரூர்ப் பாதைக்கும் அந்த முறை வரவேண்டும். எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு மேலும் வேகம் கூட்டுவதைவிட இதுவே முந்தியது என்பது நம் அபிப்பிராயம்.

பாதை நிலைத்திருப்பதும் அபிவிருத்தியின் பகுதியே. 1956 நவம்பர் 23-ம் தேதி விடியற்காலையில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். வெள்ளம் பாலத்தை அரித்ததே காரணம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதையும் நாம் கண்டோம். இரு பேராறுகளைத் தாண்டும் நம் பாதைக்குப் பாலங்களின் பராமரிப்பில் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் தகும்.

ஸ்ரீரங்கம் நிலையம் அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22-ம் தேதி திறந்துவைக்கப்பட்டது. வைகுண்ட ஏகாதசிக்கு வரும் கூட்டத்துக்கு அது சௌகரியம். முகப்பும் காத்திருப்பு அறையும் அழகாயின. பூக்கூடையை மழைபடாமல் வைக்க ஒரு பார்சல் கொட்டகையும், ஏற்றுவதற்குக் கூடுதலாக மூன்று நிமிஷமும் இருப்பின் ஊராருக்கும் சௌகரியம்.

இனி நம் சங்கங்கள் செய்யக்கூடியது. கோட்ட அளவில் சரக்கு வாடிக்கைக்காரர்களைச் சந்திப்பதற்கென்றே 2020-லிருந்து வணிக வளர்ச்சிப் பிரிவு ஒன்று ரயில்வேயில் இயங்குகிறது. அதற்கு ‘எங்களுக்கு வண்டி வேண்டும்’ என்ற மகஜரால் பயன் குறைவு. எந்த நிலையத்தில், எந்தக் கிழமையில், எத்தனை டன், எந்த ஊருக்கு, வருஷத்தில் எத்தனை மாதம் என்ற ஐந்து விவரமும் எழுத்தில் வேண்டும். அண்டைச் சங்கங்கள் மூன்று, நான்கு சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்பது நலம். ஏற்றும் பொறுப்பு எந்தச் சங்கத்தினுடையது, வாகன் குறித்த நேரத்துக்குள் நிரம்பாவிடில் டெமரேஜ் தொகையை எந்த விகிதத்தில் பங்கிடுவது என்பதை முன்னதாகவே நிர்வாகக் குழுக்களில் தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் தகராறு வருவது இந்த இடத்தில்தான்.

நெசவாளர் சங்கங்களுக்கு வாகன் தேவையில்லை, பார்சல் போதும். கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகம் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அண்மையிலேயே உள்ளது. திருச்சி ஜங்ஷனில் இரவு ஏற்றிய கட்டு காலையில் எழும்பூரில் இறங்கும். உறையூர்ச் சங்கங்கள் கூடி வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, கட்டுகளை ஓரிடத்தில் சேர்த்து, ஒரே ஆள் மூலம் பதிவு செய்தால் வண்டிக்கூலியும் ஆள்கூலியும் பங்காகிவிடும். வாழைக்காரர்கள் வரும் பருவத்து அறுவடைக்கணக்கைத் தாரின் எண்ணிக்கையில் எழுதாமல் டன்னில் எழுதிவைப்பாராயின், கடிதம் எழுத நாம் உதவச் சித்தமாயிருக்கிறோம்.